பூனைக்கு பசிக்குதாம், பாப்பா தூங்க மாட்டேங்குது: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விங்கள்ல முக்கால்வாசி செல்போன் பூனை, செல்போன் நாய்க்குட்டி பத்தினது தான். லீவு விட்டாச்சு, வேலூர் வெயில்ல பத்து மணிக்கு மேல பிள்ளைங்கள தெருவுல விட முடியாது, அப்ப கைக்கு போன் போகும், போன் கேம்ல ஒரு பூனை உக்காந்திருக்கும். அதனால மத்த கேள்விங்கள தள்ளி வெச்சிட்டு இதையே பேசிடலாம்னு இருக்கேன். கோச்சுக்காதீங்க.

எம் பொண்ணுக்கு நாலு வயசு. பூனை வளக்குற கேம் ஒண்ணு போட்டு குடுத்தேன். இப்ப ராத்திரி எழுந்து உக்காந்துகினு "அம்மா, பூனைக்கு பசிக்கும்மா, சோறு குடுக்கணும்"னு அழுவுறா. போன் குடுக்கலன்னா பூனை செத்துடுமாம். கேமை அழிச்சிடலாமா?
ஒரு அம்மா, சத்துவாச்சாரி

அழிக்க வேணாம்மா, இப்ப அழிச்சா பூனைய நீங்க கொன்னுட்டதா தான் அவ நெனப்பா. முதல்ல அந்த பூனைக்கு எப்படி பசிக்குதுன்னு நீங்க தெரிஞ்சிக்கோங்க, மீதி வேலை சுலபம்.

கேமை திறந்தீங்கன்னா மேலயோ கீழயோ நாலு சின்ன படம் இருக்கும், சாப்பாடு, தூக்கம், பாத்ரூம், விளையாட்டுன்னு, ஒவ்வொண்ணுலயும் கலர் கொஞ்சம் கொஞ்சமா இறங்கிகினே வரும். நீங்க கேமை மூடிட்டா உள்ள பூனை பசியோட காத்துகினு இருக்கும்னு பாப்பா நெனக்கிறா, ஆனா மூடின பிறகு அங்க ஒண்ணும் நடக்கறதில்ல. பெரும்பாலும் இந்த கேமுங்க செய்யுறது ஒரு கணக்கு தான், கடைசியா எத்தன மணிக்கு மூடினீங்க, இப்ப மணி எத்தன, நடுவுல எவ்ளோ நேரம் போச்சு, அதுக்கு தகுந்த மாதிரி திறக்கும்போது கலர குறைச்சு காட்டும். சில கேம்ல போன் தேதிய நாளைக்கு தேதியா மாத்தி வெச்சு திறந்து பாருங்க, ஒரே நிமிஷத்துல பூனை பட்டினியா கிடக்கும்! இப்ப வர்ற கேமுங்கள்ல பெரும்பாலும் பூனை சாவுறதும் இல்ல, மூஞ்ச தொங்க போட்டுக்கும், கொட்டாவி விடும், அவ்ளோ தான். ஒரு வாரம் கழிச்சு போனாலும் ரெண்டு ஆப்பிள் குடுத்தா பழையபடி ஆடும்.

அந்த காலத்துல நிலைமை வேற. 1996 நவம்பர்ல ஜப்பான்ல பண்டாய் கம்பெனி டமகோச்சின்னு முட்டை சைஸ்ல ஒரு பொம்மை விட்டாங்க, மூணு பட்டன், சாவிக்கொத்துல மாட்டிக்கலாம், உள்ள ஒரு குட்டி ஜீவன். அதுக்கு சோறு போடலன்னா, அசிங்கம் பண்ணத துடைக்கலன்னா நிஜமாவே செத்துடும். பிள்ளைங்க அத ஸ்கூலுக்கு தூக்கிகினு போய் கிளாஸ் நடுவுல சோறு ஊட்டினாங்க, ஊர் ஊரா ஸ்கூல்ல தடை போட்டாங்க. அடுத்த வருஷம், 1997ல, அத உருவாக்குன ரெண்டு பேருக்கு இக் நோபல்னு கேலிக்கு குடுக்குற பரிசு கிடைச்சுது, எதுக்குன்னா லட்சக்கணக்கான மணி நேர வேலைய இல்லாத பிராணி வளக்கறதுல திருப்பி விட்டதுக்காம், அதுவும் பொருளாதார பிரிவுல. அதுக்கப்பறம் கேம் பண்ண வந்தவங்க பிராணி சாவுற அந்த ஒண்ண மட்டும் எடுத்துட்டாங்க, பிராணி செத்துட்டா குழந்தை அந்த கேமுக்கு திரும்ப வராதுல்ல. அழுவுறத மட்டும் வெச்சிகிட்டாங்க.

அந்த அழுகை எங்க வருதுன்னு பாருங்க, போன் மேல நோட்டிபிகேஷனா வருது. "என்னை மறந்துட்டியா?" "எனக்கு பசிக்குது!" கடன்காரன் கதவ தட்டுற மாதிரி, வேளை கெட்ட வேளையில. உங்க பொண்ணுக்கு படிக்க தெரியாது தான், ஆனா அந்த பூனை மூஞ்சி தெரியும், டிங்குனு சத்தம் தெரியும். ஆக முதல் வேலை, அடுத்த தடவை அந்த நோட்டிபிகேஷன் வரும்போது அது மேலயே விரல அழுத்தி பிடிச்சா நிறுத்தற வழி வரும், நிறுத்திடுங்க. இத பண்ணாம வேற எத பண்ணாலும் பிரயோசனம் இல்ல.

ரெண்டாவது, பூனைக்கு நேரம் வைக்க வேண்டியது கம்பெனி இல்ல, நீங்க. சாயங்காலம் அவ பால் குடிச்ச பிறகு பூனைக்கும் ஒரு வேளை சோறு. முடிக்கும்போது அவ கையாலயே கேம்ல விளக்க அணைச்சு பூனைய தூங்க வெக்க சொல்லுங்க, நிறைய கேம்ல அந்த விளக்கு பட்டன் இருக்கும். "பூனை தூங்குது, காலையில எழுந்துக்கும், நீயும் தூங்கு." நாலு வயசுக்கு இந்த சமாதானம் போதும். ரெண்டு மூணு ராத்திரி அழுவா, அப்பறம் விட்டுடுவா. அப்பவும் ராத்திரி எழுந்து கேட்டாள்னா அப்ப அழிச்சிடுங்க, தப்பே இல்ல.

ஷூ கம்பெனில வேலை செய்யுறேன், பையன் ஆயா கிட்ட இருப்பான், ஆறு வயசு. நாய்க்குட்டி கேம்ல வைரம் வாங்குறேன்னு பணம் போயிடுச்சு. முதல் தடவை போனது போகட்டும்னு விட்டேன், அடுத்த மாசமும் அதே பணம் தானா போயிருக்கு. பையன அடிச்சிட்டேன், இப்ப மனசு கஷ்டமா இருக்கு.
ஒரு அம்மா, ஆம்பூர்

அடிச்சத பத்தி நான் ஒண்ணும் சொல்லல, நீங்களே சொல்லிட்டீங்க. ஆனா அடுத்த மாசமும் அதே தொகை தானா போயிருக்குன்னா அது வைரம் இல்லம்மா, சந்தா. "மூணு நாள் ஃப்ரீ"ன்னு பெரிய எழுத்துல போட்டு கீழ கண்ணுக்கு தெரியாத எழுத்துல அதுக்கப்பறம் மாசம் இவ்ளோன்னு போட்டிருப்பான். யாராவது ஒரு தடவை யுபிஐ பின் போட்டு ஓகே குடுத்தா ஆட்டோபே ஆயிடும், அதுக்கப்பறம் மாசா மாசம் பின் கேக்காது. ரிசர்வ் பேங்க் விதிப்படி 15,000 ரூபாய் வரைக்கும் இந்த மாதிரி மாசக்கட்டணம் திரும்ப பின் இல்லாமலே போகலாம், கரண்ட் பில், இன்சூரன்ஸ் கட்டுறவங்களுக்கு வசதின்னு வெச்சது, இந்த நாய்க்குட்டிக்கும் அதே வழி. வழக்கமா ஒரு எஸ்எம்எஸ் முன்கூட்டி வரும், நூறு விளம்பர மெசேஜ் நடுவுல அத யாரு பாக்குறா.

இங்க எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணு, கேமை போன்ல இருந்து தூக்கிட்டா சந்தாவும் போயிடும்னு நெனக்கிறது. போகாது. பிளே ஸ்டோர திறந்து, மேல உங்க படம் இருக்குற வட்டத்த தொட்டு, சப்ஸ்கிரிப்ஷன்னு இருக்குற இடத்துல போய் கேன்சல் பண்ணணும். அதோட நீங்க பணம் அனுப்புற யுபிஐ ஆப்புலயும் ஆட்டோபேன்னு ஒரு பக்கம் இருக்கு, அங்கயும் பாத்து ரத்து பண்ணிடுங்க. அப்பறம் அதே பிளே ஸ்டோர் செட்டிங்ஸ்ல எது வாங்கினாலும் ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்ட் கேக்கணும்னு மாத்தி வெச்சிடுங்க. வாங்கின 48 மணி நேரத்துக்குள்ள ரீபண்ட் கேட்டா கூகுள் பரிசீலிக்கும், நேரம் தாண்டினா கேமை விட்ட கம்பெனிக்கு எழுதிப் பாருங்க. ஆயாவுக்கு யுபிஐ பின் தெரியும்னா, தயவு செஞ்சு மாத்திடுங்க. பையன் "ஆயா, இதுல நம்பர் போடு, ஃப்ரீ"ன்னு சொன்னா எந்த ஆயாவும் போட்டுடும், பாவம்.

இது உங்க வீட்டு கதை மட்டும் இல்ல. பிள்ளைங்க கேம்ல அப்பா அம்மாவுக்கு தெரியாம வாங்கினதுக்கு அமெரிக்காவுல 2014ல ஆப்பிள் கம்பெனி குறைஞ்சது 3.25 கோடி டாலர் திருப்பி குடுக்க ஒத்துகிச்சு, அதே வருஷம் கூகுள் 1.9 கோடி டாலர். அவ்ளோ பெரிய நாட்டுலயே பெத்தவங்களுக்கு தெரியாம தான் நடந்திருக்கு. ஆறு வயசு பையனுக்கு வைரம்னா ஊதா கலர் கல்லு, அவ்ளோ தான். உங்க ஒரு நாள் கூலின்னு அவனுக்கு எப்படி தெரியும்.

பூனை கண்ணுல கேமரா இருக்காம், யாரோ உக்காந்து நம்ம பிள்ளைங்கள பாக்குறாங்களாம், வாட்ஸப்ல வந்துச்சு. உண்மையா?
காட்பாடி வாசகி

பழைய புரளி. டாக்கிங் ஏஞ்சலான்னு ஒரு பேசுற பூனை கேம் பத்தி 2014 வாக்குல உலகம் பூரா சுத்தினது, பூனை கண்ண பெருசு பண்ணி பாத்தா உள்ள ஒரு ஆள் தெரியறார்னு. அப்பவே பொய்னு ஆயிடுச்சு. இப்ப தமிழ்ல மறுபடி வருது போல.

ஆனா ஆள் இல்லன்னு சொன்னதும் நிம்மதியா போயிடாதீங்க. நீங்க பேசினத திருப்பி பேசுற கேம்னா மைக் அனுமதி கேக்கும், அது நியாயம், இல்லாம எப்படி பேசும். ஆனா குளிப்பாட்டுற நாய்க்குட்டிக்கு லொகேஷன் எதுக்கு, கான்டாக்ட் எதுக்கு? கேட்டா மறுத்துடுங்க, கேம் ஓடும், ஓடலன்னா அந்த கேமே வேணாம். நம்ம நாட்டுலயும் 2023ல டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டம்னு வந்திருக்கு, அதுல 18 வயசுக்கு கீழ எல்லாரும் குழந்தை தான், பெத்தவங்க சம்மதம் வாங்காம அவங்க விவரத்த எடுக்க கூடாது, அவங்கள பின்தொடர்ந்து கணக்கு எடுத்து அதுக்கு ஏத்த விளம்பரம் காட்ட கூடாது, சில விலக்கு மட்டும் உண்டு. விதிமுறைங்க 2025 நவம்பர்ல தான் வந்துச்சு, முழுசா நடைமுறைக்கு வர 18 மாசம் அவகாசம் குடுத்திருக்காங்க. அதுவரைக்கும் அனுமதி பட்டன் உங்க விரல்ல தான்.

ஏம்மா, நான் ஆடு மேச்சவன். குட்டி போடுற ராத்திரி பூரா லாந்தர் வெச்சிகினு முழிச்சிகினு கெடப்போம். இப்ப எம் பேரன் போன்ல நாய்க்கு சோப்பு போட்டுகினு கீறான். இதனால ஜீவராசிங்க மேல பாசம் வரும்னு மருமவ சொல்லுது. இன்னா பாசம் வரும்?
ஒரு தாத்தா, குடியாத்தம் பக்கம்

ஐயா, உங்க மருமக சொல்றதுல கொஞ்சம் உண்மை இருக்கு. ஒரு ஜீவனுக்கு பசிக்கும், தூக்கம் வரும், அழுக்காகும், அத நாம தான் கவனிக்கணும்னு ரெண்டு மூணு வயசு குழந்தைக்கு அந்த வரிசை மனசுல பதியும். அதுக்கு மேல அந்த கேம் கிட்ட எதிர்பாக்காதீங்க. ஏன்னா அந்த நாய் கடிக்காது, ஓடாது, பிடிக்கலன்னா உறுமாது. எவ்ளோ அமுக்குனாலும் சிரிக்கும்.

அதோட கேம்ல சொல்லிக் குடுக்குற வளர்ப்பு முறைய அப்படியே வீட்டுக்கு கொண்டாந்தா பிராணிக்கு ஆபத்து. கேம் பூனை கிண்ணம் கிண்ணமா பால் குடிக்கும், நிஜத்துல வளந்த பூனைங்க நிறைய பேருக்கு பால் செரிக்காது, பேதி ஆகும். கேம் நாய் கேக்கு, சாக்லேட்டு, திராட்சை எல்லாம் தின்னும், நிஜ நாய்க்கு சாக்லேட் விஷம், திராட்சை கிட்னிய கெடுக்கும். வெங்காயம் நாய்க்கும் ஆகாது பூனைக்கும் ஆகாது, ரத்த சிவப்பணுவ அழிக்கும். ஞாயித்துக்கிழமை மிச்சமான பிரியாணிய நாய்க்கு கொட்டுறவங்க நம்ம பக்கம் ஜாஸ்தி, அதுல இருக்குற வெங்காயமும் ஆபத்து, வெந்த கோழி எலும்பு குத்தீட்டியா உடைஞ்சு தொண்டையில மாட்டும். உங்க பேரன் போடுற சோப்பு கூட அப்படித் தான், தினம் குளிப்பாட்டினா நிஜ நாய்க்கு தோல் வறண்டு அரிப்பு எடுக்கும். கத்திரி வெயில்ல நம்ம தார் ரோட்டுல பகல்ல நாய கூட்டிகினு போனா பாதம் வெந்துடும், இந்த ஒரு விஷயம் எந்த கேம்லயும் இருக்காது, வேலூர் வெயில் அவங்களுக்கு தெரியாது.

இதுல எனக்கு நெஜமாவே பயம் குடுக்குறது தெரு நாய். போன்ல நாய கட்டிப் பிடிச்சு பழகின குழந்தை தெருவுல தூங்குற நாயயும் கட்டிப் பிடிக்க போகும், சாப்பிடுற நாய் தலைய தடவ போகும். பேரன உக்கார வெச்சு நீங்க தான் சொல்லணும், உங்களுக்கு தான் தெரியும், காது பின்னாடி போனா என்ன அர்த்தம், வால் காலுக்கு நடுவுல போனா என்ன அர்த்தம்னு. குட்டி போட்ட நாய் பக்கம் போக கூடாதுன்னும் சொல்லுங்க. கடிச்சாலோ கீறினாலோ, குட்டி நாயா இருந்தாலும், ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவணும், மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்க கூடாது. அன்னைக்கே ஆஸ்பத்திரி. அடுக்கம்பாறை பெரியாஸ்பத்திரிக்கு போக முடியலன்னா பக்கத்துல இருக்குற அரசு ஆஸ்பத்திரிக்கு போங்க, ஊசிக்கு காசு இல்ல. ஊசி ஒண்ணோட முடியாது, 0, 3, 7, 28ன்னு நாள் கணக்கு சொல்வாங்க, கையில போடுற முறைய பொறுத்து 14ம் நாளும் சேரும், ஒண்ணு கூட விட கூடாது, ரேபிஸ் அறிகுறி தெரிஞ்ச பிறகு காப்பாத்த வழி இல்ல. பிள்ளைங்க திட்டு விழும்னு கடிச்சத மறைச்சிடும், "எப்ப சொன்னாலும் திட்ட மாட்டேன்"னு இப்பவே சொல்லி வெச்சிடுங்க.

பாசம் வரணும்னா உங்க கிட்ட இருக்குற சரக்குக்கு கேம் எதுக்கு ஐயா? செவ்வாக்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக்கு கூட்டிகினு போங்க, பல்ல பாத்து மாட்டுக்கு வயசு சொல்றத பக்கத்துல நின்னு பாக்கட்டும். அமிர்தியில சின்ன மிருகக்காட்சி சாலை இருக்கு, மானும் மயிலும் பாக்கலாம். ராணிப்பேட்டை வழியா போனா அங்க 1932ல இருந்து ஆடு மாடு கோழிக்கு தடுப்பூசி மருந்து தயாரிக்குற அரசு நிலையம் இருக்குன்னு காட்டுங்க, உங்க ஆட்டுக்கு போட்ட ஊசியே அங்க இருந்து வந்ததா இருக்கலாம். நாய்க்குட்டி வேணும்னு அடம் பிடிச்சா, மூணு மாசத்துல ரேபிஸ் ஊசி, அப்பறம் வருஷா வருஷம்னு கேம்ல வராத அந்த வேலையையும் சேத்து ஒத்துக்கட்டும்.

மூணு வயசு, கேம் போட்டு குடுத்தா தான் வாய திறக்கறான். என்ன பண்றது?
வாலாஜாபேட்டை

பூனைக்கு ஊட்டுற அவன் கைய வெச்சே ஆரம்பிங்க, போன எடுத்துட்டு ஒரு துணி பொம்மைக்கு ஒரு வாய், அவனுக்கு ஒரு வாய். ரெண்டு நாள் கம்மியா சாப்பிடுவான், ஒண்ணும் ஆகாது. 2 வயசுல இருந்து 4 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு மொத்தமா ஒரு மணி நேரத்துக்கு மேல ஸ்கிரீன் வேணாம்னு உலக சுகாதார நிறுவனம் 2019லயே சொல்லிடுச்சு, கம்மியா இருந்தா இன்னும் நல்லது. மூணு வேளை சாப்பாட்டுலயே அந்த ஒரு மணி நேரம் தீந்துடும், பாத்துக்கோங்க.

சரி, நல்லதா ஒரு கேம் பேர் சொல்லுங்களேன்.
ஆற்காடு வாசகர்

பேர் சொல்ல மாட்டேன், இன்னைக்கு நல்லா இருக்குறது அடுத்த அப்டேட்ல விளம்பரக் குப்பையா மாறிடும், அப்பறம் என்ன திட்டுவீங்க. பாக்குற விதத்த சொல்றேன். இன்ஸ்டால் பட்டன் பக்கத்துல "3+"ன்னு இருந்தா ஏமாறாதீங்க, அது அடிதடி, ஆபாசம் இல்லைங்கறதுக்கு மட்டும் தான், விளம்பரத்துக்கும் பணத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. அதுக்கு பக்கத்துலயே பொடி எழுத்துல விளம்பரம் உண்டு, உள்ள வாங்கலாம்னு போட்டிருப்பான், அத படிங்க. பிளே ஸ்டோர்ல குழந்தைங்க பகுதியில ஆசிரியர்கள் பாத்து ஒத்துகிட்டதுக்கு ஒரு முத்திரை இருக்கும், 2020ல இருந்து குடுக்குறாங்க, அது இருந்தா கொஞ்சம் தேவலை.

அப்பறம் பிள்ளைக்கு குடுக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு பத்து நிமிஷம் ஆடுங்க. நாய்க்கு ரெண்டு வாய் ஊட்டினதும் விளம்பரம் வருதா? வந்தா அத மூடுற பெருக்கல் குறி எவ்ளோ பெருசுன்னு பாருங்க. அஞ்சு செகண்ட் வரைக்கும் இருக்காது, அப்பறம் மூலையில கடுகு சைஸ்ல சாம்பல் கலர்ல வரும், அத தொட்டா இன்னொரு பக்கம் திறக்கும், அங்க வேற மூலையில இன்னொரு பெருக்கல் குறி. பெரியவங்க விரலுக்கே சிக்காது, நாலு வயசு விரல் எங்க படும்? நேரா இன்ஸ்டால் மேல படும். வேணும்னே செஞ்சது, இதுல எனக்கு சந்தேகமே இல்ல. இந்த மாதிரி கேம்ல இன்டர்நெட்ட அணைச்சிட்டு ஏரோப்ளேன் மோட்ல போட்டு பாருங்க, நாய்க்குட்டி அப்படியே ஆடிச்சுன்னா விளம்பரம் இல்லாம ஒரு கேம் கிடைச்சிடுச்சு, காசு செலவு இல்லாம. நெட் இல்லாம திறக்கவே மாட்டேன்னு அடம் பிடிக்குதா, தூக்கிடுங்க. இன்னொண்ணு, ஆண்ட்ராய்டு போன்ல செட்டிங்ஸ்ல செக்யூரிட்டி பக்கம் ஆப் பின்னிங்னு ஒண்ணு இருக்கு, போட்டுட்டா குழந்தை அந்த கேமை விட்டு சுலபமா வெளிய வர முடியாது, உங்க ஆபீஸ் குரூப்புல ஸ்டிக்கர் போகாது.

ஆன்ட்டி, எல்லா கேம்லயும் பூனை நாய் தான் கீது, காளை வளக்குற கேம் ஏன் இல்ல? எங்க மாமா வீட்டு காளை மாடு விடுற விழாவுல ஓடும்.
எழுதச் சொன்னது ஏழு வயசு, எழுதினது அக்கா, கணியம்பாடி

சூப்பர் கேள்விடா கண்ணு. நீங்க ஆடுற பேசுற பூனை இருக்குல்ல, டாக்கிங் டாம், அத பண்ண கம்பெனி ஆரம்பிச்சது ஐரோப்பாவுல ஸ்லோவேனியான்னு ஒரு குட்டி நாட்டுல. அவங்களுக்கு மாடு விடுற விழா தெரியாது, கொம்புக்கு பெயிண்ட் அடிக்கறது தெரியாது, சலங்கை கட்டுறது தெரியாது, அதனால பூனைக்கு தொப்பி போட்டுட்டாங்க. ஸ்கிராட்ச் ஜூனியர்னு ஒரு ஆப்பு இருக்கு, காசு இல்ல, உன் வயசு பிள்ளைங்களுக்குன்னே பண்ணது, அதுல நீயே காளை வரைஞ்சு அத ஓட விடலாம், அக்காவ கூட வெச்சிக்கோ. மாமா கிட்ட காளை ஒரு நாளைக்கு எத்தன தடவை தண்ணி குடிக்கும், பருத்திக்கொட்டை எவ்ளோ திங்கும்னு கேட்டு அதையும் கேம்ல போடு. பண்ணி முடிச்சா அக்காவ ஒரு படம் எடுத்து அனுப்ப சொல்லு, பாக்கணும்.